முகமும் பெயரும்

நம் சிறுபத்திரிகைகளின் அட்டைகளில் கிழவிகள் அதிகம் தென்படுகிறார்கள். ஓவியனுக்குக் கொடுக்கக் காசில்லாத இடத்தில் புகைப்படம் கைகொடுக்கிறது என்பது வாஸ்தவம்தான். ஆனால் புகைப்படம் என்றதும் ஏன் கிழவி என்பதை யாரும் சொல்வதில்லை. பக்கவாட்டில் விழும் வெளிச்சம், கன்னத்துச் சுருக்கங்களுக்குள் தேங்கிய இருட்டு, பாம்படம் தொங்கித் தொங்கி நீண்டுபோன காது, எங்கேயோ பார்க்கும் கண். உள்ளே திருப்பினால் சந்தா விவரத்துக்குக் கீழே, பொடி எழுத்தில், 'அட்டைப் புகைப்படம்' என்று ஒரு பெயர் இருக்கும். அது எடுத்தவர் பெயர். என் அலமாரியில் இருக்கும் இதழ்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கீழே இறக்கிப் பார்த்தேன். ஒரு கிழவிக்கும் பெயர் இல்லை.

இதைச் சொன்னபோது கவிஞர் நண்பர் ஒருவர் சிரித்தார். பெயர் போட்டால் அது செய்தி, பெயர் உதிர்ந்த பிறகுதான் கலை ஆரம்பிக்கிறது என்றார். அந்தக் கிழவி கிழவியாக இருப்பதைத் தாண்டி முதுமையாக, காலமாக, மண்ணாக ஆகிவிடுகிறாளாம். பெயர் அவளை மறுபடியும் ரேஷன் கடை வரிசையில் கொண்டுபோய் நிறுத்திவிடுமாம். இந்த அபிப்ராயம் நம் வட்டத்தில் பலருக்கு உண்டு. வாய்விட்டுச் சொல்லும் நேர்மை அவருக்கு இருந்தது. இக்கட்டுரை அவருக்கு நான் எழுதும் பதில். புகைப்படத்தின் நோக்கம் என்ன, அதன் கலை எந்தத் தளத்தில் இயங்குகிறது என்ற கனமான கேள்விகளுக்குள் நுழைய எனக்குத் தெரிந்த வாசல் இது ஒன்றுதான்: படத்தில் இருப்பவர் யார்?

1838இல் தாகேர் பாரீஸில் தன் ஜன்னலிலிருந்து ஒரு வீதியைப் படமெடுத்தார். வண்டிகளும் ஜனங்களும் நெரியும் வீதி. தகட்டில் வெளிச்சம் பதிய நிமிஷக்கணக்கில் ஆனதால் நகர்ந்துகொண்டிருந்த எவரும் விழவில்லை. வீதி வெறிச்சோடிக் கிடக்கிறது. ஒரு மூலையில் மட்டும் ஒருவன் காலைத் தூக்கி வைத்து பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொள்கிறான். அசையாமல் நின்ற புண்ணியத்தில் அவன் விழுந்துவிட்டான். அவன் காலடியில் கைவேலையாக இருந்தவனும் அரைகுறையாக விழுந்திருக்கிறான். புகைப்படத்தில் அகப்பட்ட முதல் மனிதர்கள் என்று இவர்களைச் சொல்கிறார்கள். இருவர் பெயரும் யாருக்கும் தெரியாது. இந்தக் கலைக்கு இது பிறவிக் கோளாறு போலும்.

இருபது வருஷம் கழித்து இந்தக் கோளாறு தஞ்சாவூருக்கு வந்து சேர்ந்தது. லினேயஸ் டிரைப் சென்னைப் படையில் காப்டன். 1856இல் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமனம் பெற்றவர். 1857 கடைசியிலிருந்து 1858 வரை ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சாமான்களைச் சுமந்துகொண்டு சுற்றினார். அவருடையது காகித நெகட்டிவ். நம் வெயிலுக்குத் தோதானது, ஆனால் வெளிச்சத்தை மெதுவாகக் குடிக்கும். ஆகவே அவருடைய பிராகாரங்களிலும் மண்டபங்களிலும் மனிதர்கள் அபூர்வம். குறுக்கே நடந்து போன பட்டர்களும் பூக்காரிகளும் சிப்பாய்களும் கல்லின் மேல் ஒரு சுவடும் விடாமல் கரைந்துபோனார்கள். வானமும் வெறும் வெள்ளையாகவே பதியும் என்பதால் சில நெகட்டிவ்களில் டிரைப் தன் கையாலேயே மேகங்களைத் தீட்டிவிட்டிருக்கிறார். இல்லாத மேகத்தைக் கொண்டுவர முடிந்தது, இருந்த மனிதர்களை வைத்துக்கொள்ள முடியவில்லை.

ஆனால் இந்த டிரைப்தான் நம் மண்ணில் எடுக்கப்பட்ட மிகச் சிறந்த புகைப்படங்களில் ஒன்றை எடுத்தவர் என்பது என் எண்ணம். அதில் கோபுரம் இல்லை, சிற்பம் இல்லை. பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டை அடியடியாக நகர்ந்து எடுத்து, 21 படங்களை ஒட்டி ஒரே சுருளாக்கினார். ஏறக்குறைய 19 அடி நீளம். கல்வெட்டு ஆராய்கிறவர்கள் வாசிக்க வேண்டும் என்பது நோக்கம். அழகு பண்ணும் உத்தேசம் துளியும் கிடையாது. அப்படியும் அதைப் பார்க்கிறவன் ஒரு நீண்ட வாக்கியத்தின் பக்கத்தில் நடப்பதுபோல் நடக்க வேண்டியிருக்கிறது. கண்ணுக்கு உட்கார இடம் இல்லை. 1860இல் கவர்னர் டிரெவெல்யன் இதெல்லாம் ஆடம்பரச் செலவு என்று அந்தப் புகைப்பட வேலையையே நிறுத்திவிட்டார். டிரைப் அதற்குப் பிறகு பெரிதாக ஒன்றும் செய்யவில்லை.

அந்தக் கல்லில் என்ன எழுதியிருக்கிறது? தான் கொடுத்தது, தமக்கை கொடுத்தது, மனைவியர் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் விமானத்துக் கல்லில் வெட்டச் சொல்கிற ராஜராஜனின் உத்தரவில் ஆரம்பிக்கிறது. பெயர்கள், பெயர்கள், மேலும் பெயர்கள். டிரைப்பின் சுருளுக்கு வெளியே, அதே கோயிலின் வடக்குச் சுற்றுச் சுவரில் இருக்கும் கல்வெட்டு இன்னும் ஆச்சரியமானது. சோழநாட்டுக் கோயில்களிலிருந்து தஞ்சாவூருக்குக் கொண்டுவந்து குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல் அது. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாம் வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், பெயர் என்ன. நக்கன் சேரமங்கை என்று ஒருத்தி. ஒவ்வொருத்திக்கும் ஒரு பங்கு, பங்குக்கு வருஷம் 100 கலம் நெல். ஆயிரம் வருஷத்துக்கு முன் ஆடிய பெண்களுக்கு முகம் மிஞ்சவில்லை. விலாசம் மிஞ்சியிருக்கிறது.

இன்னும் முன்னால் போகலாம். செங்கத்துப் பக்கம் எடுத்தனூர் என்ற ஊரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு. மாடு மீட்கும் சண்டையில் செத்த வீரன் வில்லோடு நிற்கிறான். பக்கத்தில் ஒரு நாய். கள்ளனைக் கடித்து எஜமானுக்குத் துணை நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். உருவமும் பெயரும் செய்கையும் ஒரே கல்லில் இருந்தால்தான் நினைவு முழுமையாகும் என்று அந்தக் கல்தச்சனுக்குப் பட்டிருக்கிறது. நாய்க்குக்கூட அவன் அதைத் தளர்த்தவில்லை. நம் அட்டைப்படக் கிழவிக்குக் கோவிவனுக்குக் கிடைத்தது கிடைக்கவில்லை என்பதை நண்பரின் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

பழம்பெருமை பாட இதைச் சொல்லவில்லை. அந்த 400 பெண்களுக்கு வருஷா வருஷம் நெல் அளந்த குடியானவர்களில் நாற்று நட்டவள் பெயரும் அறுத்தவன் பெயரும் எந்தச் சுவரிலும் இல்லை. பெயர் பொறிக்கப்படுவதற்கு அன்றும் தகுதி வேண்டியிருந்தது. காமிரா வந்தபோது இந்தக் கணக்கு தலைகீழாகியிருக்க வேண்டும். யார் முகத்தையும் ஒரே மாதிரி வாங்கிக்கொள்ளும் யந்திரம் அது. அதற்குப் பட்டா, சாசனம் எதுவும் தேவையில்லை. நடந்தது வேறு.

தாது வருஷத்துப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்லிவந்த 1876–78 பஞ்சத்தில் செத்தவர்கள் 55 லட்சத்துக்குக் குறையாது என்று மதிப்பீடு. அப்போது சென்னை மாகாணத்தில் வில்லபி வாலஸ் ஹூப்பர் என்ற படை அதிகாரி பஞ்சத்தில் அடிபட்டவர்களைப் படமெடுத்தார். பார்த்திருப்பீர்கள், பஞ்சம் பற்றிய எந்தப் புத்தகத்திலும் திரும்பத் திரும்ப வருபவை. விலா எலும்பு எண்ணக்கூடிய ஆண்கள், பெண்கள், குழந்தைகள். முன்வரிசை உட்கார்ந்திருக்க, பின்வரிசை நிற்கிறது. கல்யாண வீட்டில், பள்ளிக்கூடத்து வகுப்பில் எடுக்கும் அதே அடுக்கு. அந்த அடுக்கு பிசகாமல் வந்திருக்கிறது என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. நிற்க முடியாதவனை எங்கே உட்காரவைப்பது, எந்தத் தலை எந்தத் தோளை மறைக்கும் என்று ஒருவர் யோசித்திருக்கிறார். காத்திருந்திருக்கிறார். படம் ஒன்றின் தலைப்பு, இவர்கள் இலவச நிவாரணத்துக்குத் தகுதியானவர்கள் என்று சொல்கிறது. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் அவர் போட்டிருக்கும் சொல்லுக்குப் 'பொருள்கள்' என்றும் அர்த்தம் எடுக்கலாம். ஒரு பெயரும் கிடையாது. ஊர்ப் பெயர்கூடக் கிடையாது.

இதற்கு முன்பே, 1868க்கும் 1875க்கும் இடையே 8 தொகுதிகளாக வெளிவந்த 'இந்திய மக்கள்' என்ற அரசாங்கப் படவரிசைக்கு ஹூப்பர் படங்கள் தந்திருக்கிறார். அதில் முகத்துக்குக் கீழே இருப்பது ஜாதி, தொழில், சுபாவம். ஒரு ஆள் ஒரு வகைக்கு மாதிரி. பிற்பாடு 1886இல் மாண்டலேயில் அவர் பெயர் வேறுவிதமாக அடிபட்டது. மரண தண்டனை பெற்ற பர்மியர்களைச் சுடும்போது, குண்டு பாயும் கணம் தகட்டில் விழுவதற்காகச் சுடும் உத்தரவைத் தாமதப்படுத்தினார் என்று குற்றச்சாட்டு. விசாரணை நடந்து கண்டனத்தோடு முடிந்தது. ஒரு தனி மனிதனின் கொடூரம் என்று இதை ஒதுக்கிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நிற்பவன் யார் என்ற கேள்வி விலகிவிட்டால் மீதம் இருப்பது வெளிச்சமும் கணமும் அடுக்கும்தான். அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு போகிறவன், திறமைசாலியாக இருந்தால், மாண்டலேவுக்குப் போய்ச் சேர முடியும்.

ஆனால் கருணையுள்ளவர்களும் பெயரைக் கேட்காமல் வந்திருக்கிறார்கள். அதுதான் சிக்கல். 1936 மார்ச்சில் கலிபோர்னியாவில் நிப்போமோ என்ற இடத்தில் பட்டாணி பறிக்க வந்து வேலையில்லாமல் முடங்கிக் கிடந்த கூலிகளின் முகாமில் டொரதியா லாங்கே எடுத்த படம் உலகப் பிரசித்தம். கன்னத்தில் கை வைத்த தாய், முகத்தைத் திருப்பி அவள் தோளில் புதைத்த இரண்டு குழந்தைகள், மடியில் கைக்குழந்தை. லாங்கே நல்ல மனுஷி. அந்தப் படங்கள் பத்திரிகையில் வந்ததும் முகாமுக்குச் சாப்பாடு போயிற்று. அவள் வயது 32 என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட லாங்கே பெயரைக் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதைப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். படம் 'குடிபெயர்ந்த தாய்' ஆயிற்று. கூடாரக் கம்பைப் பிடித்திருந்த கட்டைவிரல் ஒன்று மூலையில் தெரிவது அழகுக்கு இடைஞ்சல் என்று பிற்பாடு நெகட்டிவில் அதை அழித்தார்கள்.

1978இல்தான் அவள் பெயர் வெளியே வந்தது. ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்ஸன். ஓக்லஹோமாவில் பிறந்த செரோக்கி இனத்துப் பெண். வெள்ளை அமெரிக்காவின் ஏழைத் தாய் என்று நாற்பது வருஷமாகப் புகழ்பெற்றவள் பூர்வகுடிப் பெண்ணாக எழுந்து வந்தாள். அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் வரவில்லை, அது எடுக்கப்பட்டிருக்கவே வேண்டாம் என்ற கசப்பு அவளுக்கு இருந்தது.

நண்பரின் வாதத்தைச் சோதிக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. பெயர் தெரிந்ததும் படம் சின்னதாகிவிட்டதா? எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். பெயர் தெரியாத நாட்களில் அந்த முகத்தில் நான் பார்த்தது கவலை. எந்தத் தாயின் கவலையும். அதைப் பார்த்து உருகுவதில் எனக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. உருகிவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருக்கிறேன். ஃப்ளாரன்ஸ் என்று தெரிந்த பிறகு அந்தக் கண்கள் காமிராவைத் தவிர்ப்பது தெரிகிறது. கன்னத்துக் கை யோசனையால் வந்ததா, பாதி முகத்தையாவது மறைக்க வந்ததா என்று சந்தேகம் வருகிறது. குழந்தைகள் முகம் திருப்பியிருப்பது அமைப்பின் நேர்த்தி என்றிருந்தது. இப்போது அதில் வெட்கமும் ஒரு மறுப்பும் சேர்ந்துகொண்டன. படத்தில் இருந்த எதுவும் மாறவில்லை. நான் பார்க்காமல் விட்டிருந்தவற்றைப் பெயர் பார்க்கவைத்தது. இதைக் கலைக்கு வெளியே நடந்த சமாசாரம் என்று எப்படித் தள்ளுவது? (பாகிஸ்தான் அகதி முகாமில் 1984இல் எடுக்கப்பட்ட பச்சைக் கண் ஆப்கன் சிறுமிக்கும் இதே கதிதான். ஷர்பத் குலா என்ற பெயர் 2002இல்தான் தெரியவந்தது. அதுவரை கண்கள் மட்டும் வியாபாரமாகிக்கொண்டிருந்தன.)

நான் இருப்பது வேலப்பன்சாவடியில். பூந்தமல்லிச் சுற்றுவட்டாரத்தில் குமணன்சாவடி, கரையான்சாவடி, வேலப்பன்சாவடி என்று வழிப்போக்கர் தங்கிப்போன சாவடிகள் ஊர்ப் பெயர்களாக மிஞ்சியிருக்கின்றன. இங்கே நிலைமை நேர் எதிர். வேலப்பன் என்ற பெயரைப் பஸ் கண்டக்டர் நாள் பூராவும் கூவுகிறார்; முகம்தான் இல்லை. நெடுஞ்சாலையிலிருந்து திருவேற்காட்டுக்குத் திரும்பும் முனைக்கு அப்பால் ஒரு ஸ்டுடியோ இருக்கிறது. கல்லூரி மாணவர்களுக்குப் பாஸ்போர்ட் சைஸ், கருமாரியம்மன் கோயிலில் மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய குழந்தைகள், பிறகு சாவுப் படம். சாவுப் படம்தான் நிலையான வரும்படி என்று ஸ்டுடியோக்காரர் சொல்வார். வாக்காளர் அட்டையிலிருந்தோ கல்யாண கும்பலிலிருந்தோ முகத்தைப் பிய்த்தெடுத்து, ஆயுளில் கோட்டு போட்டிராத மனிதருக்குக் கோட்டு மாட்டி, பின்னால் நீல வானம் கொடுத்து, கீழே பெயரும் தோற்றம், மறைவு தேதிகளும் அச்சடித்துத் தருவார். டிரைப்பின் மேகம் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் என் அக்காவின் படம் ஒன்றைப் பெரிதாக்கப் போய் உட்கார்ந்திருந்தபோது ஒடிசாப் பையன்கள் நான்கு பேர் வந்தார்கள். பக்கத்தில் அடுக்குமாடிக் கட்டடத்தில் வேலை. கூட வேலை செய்தவன் சாரத்திலிருந்து விழுந்து இறந்துவிட்டான். உடம்பு முதலில் போய்விட்டது, இவர்கள் படத்தோடு ஊருக்குப் போக வேண்டும். செல்போனில் ஒரு படம். ஆயுதபூஜை அன்று கலவை மெஷினுக்கு மாலை போட்டு ஆறேழு பேர் நிற்கிறார்கள்; ஓரத்தில் பாதி தோள் வெட்டுப்பட்டு அவன். ஸ்டுடியோக்காரர் முகத்தைப் பிரித்தெடுத்துவிட்டுப் பெயர் என்ன என்றார். முன்னா என்றார்கள். "முன்னான்னா ஊருக்கு நூறு பேரு இருப்பான். நெஜப் பேரு சொல்லுங்க" என்றார். தெரியவில்லை. சைட் மேஸ்திரியின் நோட்டிலும் முன்னாதான். பெயர் வேண்டாம், படம் போதும் என்றார்கள், பஸ்ஸுக்கு நேரமாகிறது. அவர் மெஷினை நிறுத்திவிட்டார். ஊருக்குப் போன் போடச் சொன்னார். ஒருவர் மாற்றி ஒருவராகப் பிடித்து, அவன் வீட்டாரிடம் பேசிப் பெயர் வந்து சேர மறுநாள் மத்தியானம் ஆயிற்றாம். தமிழில் அடித்ததை அவர்கள் பரிதாபமாகப் பார்க்கவும், ஒடியா எழுத்து தேடி இறக்கி, ஒரு பையனை உட்காரவைத்து எழுத்து எழுத்தாகச் சரிபார்த்துப் பிரிண்ட் போட்டிருக்கிறார்.

எதற்கு இவ்வளவு பிடிவாதம் என்று பிறகு கேட்டேன். "அவங்கம்மா பாத்துட்டு எம்புள்ளைன்னு சொல்லிக்குவாங்க சார், அதுக்குப் பேரு வேணாம். நான் யாருக்குப் போடறேன்னு எனக்குத் தெரியணும் இல்ல?" என்றார்.

புகைப்படம் பற்றி ஸோண்டாக் 1977இலும் பார்த் 1980இலும் எழுதிய புத்தகங்களை நம் வட்டத்தில் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். பார்த் தன் தாயின் ஒரு படத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு அந்தப் படத்தைப் பிரசுரிக்க மறுத்தார். உங்களுக்கு அது இன்னொரு படம்தான் என்பது அவர் கட்சி. ஸ்டுடியோக்காரர் பார்த்தைப் படித்தவர் இல்லை. ஆனால் ஒரு தாய்க்கு மட்டும் தெரிந்திருப்பது போதாது, எடுக்கிறவனுக்கும் அச்சடிக்கிறவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று அவர் நின்ற இடம் பார்த் நிற்காத இடம்.

எனக்கு எதிராக ஒரு பலமான சாட்சி உண்டு, மறைக்க மாட்டேன். கொழும்பில் வாழ்ந்த லயனல் வெண்ட். 1900இல் பிறந்து 1944இல் இறந்தவர், பியானோக் கலைஞர், பாசில் ரைட்டின் 'சாங் ஆஃப் சிலோன்' படத்துக்குப் பின்னணிக் குரல் கொடுத்தவர். இறந்தபின் அவர் நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டுவிட்டன. 1950இல் வெளிவந்த தொகுப்பும் அச்சுப் பிரதிகளும் மிஞ்சியிருக்கின்றன. வலை இழுக்கும் முதுகு, தண்ணீர் வழியும் தோள், பாதி வெளிச்சத்தில் ஒரு இளைஞனின் கழுத்து. வெளிச்சத்தைத் தலைகீழாக்கி விளிம்புகளில் கோடு எழுப்பும் இருட்டறை வித்தைகள். அந்த உடம்புகளில் பலவற்றுக்குப் பெயர் கிடையாது, சிலவற்றுக்கு முகமே கிடையாது. அப்படியும் அவை ஹூப்பரின் வரிசையில் சேர மறுக்கின்றன. ஏன் என்று பலநாள் யோசித்திருக்கிறேன். வெண்ட் எடுத்த உடம்புகளுக்குத் தாங்கள் பார்க்கப்படுகிறோம் என்று தெரிந்திருக்கிறது, அதில் ஒரு கர்வம்கூட இருக்கிறது. பரிதாபத்தைக் கேட்டு அவை நிற்கவில்லை. ஆகவே என் வாதத்தைச் சற்று இறுக்கிச் சொல்கிறேன். வடிவத்துக்காக ஒரு உடம்பை எடுக்கிறவன் பெயரைத் தவறவிட்டால் அது ஒரு இழப்பு. துயரத்துக்காக ஒரு முகத்தை எடுக்கிறவன் தவறவிட்டால் அது திருட்டு. நம் அட்டைக் கிழவிகள் இரண்டாவது வகை. சுருக்கங்கள் அழகாக இருப்பதால் முதல் வகை என்று பாவனை செய்கிறோம்.

இன்றைய தமிழ்ப் புகைப்படத்தில் எனக்கு நம்பிக்கை தருகிறவர் எம். பழனிகுமார். மதுரைப் பக்கத்தில் மீன் விற்றுக் குடும்பம் நடத்திய தாயின் மகன். மலக்குழியில் இறங்கிச் சாகும் துப்புரவுத் தொழிலாளர்களைப் பற்றித் திவ்யபாரதி 2017இல் எடுத்த 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். பிறகு சாய்நாத் 2014இல் ஆரம்பித்த ஊரக இந்தியாவுக்கான மக்கள் ஆவணக்களரியில் வந்து சேர்ந்தார். அந்தக் களரி இந்தியாவின் வட்டாரம் தோறும் முகங்களைச் சேர்த்துவருகிறது. முகத்தோடு பெயரும் தொழிலும் ஊரும். 'இந்திய மக்கள்' தொகுதிகளுக்கு நூற்றைம்பது வருஷம் கழித்து வந்த பதில் என்று அதைச் சொல்வேன். பழனிகுமாரின் படங்களில் தொழில்நுட்பக் குறைகள் தேடினால் கிடைக்கும். வெளிச்சம் சில இடங்களில் தட்டையானது. ஆனால் அந்த ஆட்கள் எடுப்பவனைத் தெரிந்தவர்களாக நிற்கிறார்கள். மீனவப் பெண்கள் அவர் காமிராவைப் பார்க்கும் பார்வையில் 'சாப்பிட்டியா' என்று கேட்கும் ஒரு உரிமை இருக்கிறது. இதை அறைக்குள் வெளிச்சம் செட் பண்ணிக் கொண்டுவர முடியாது.

பெயர், கலை என்ற இரண்டையும் எதிரெதிரே நிறுத்தும் பேச்சு கிளிநொச்சியில் அர்த்தமற்றுப்போகிறது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் 2017 பிப்ரவரி 20 அன்று அங்கே தொடங்கிய தொடர் போராட்டம் ஆயிரக்கணக்கான நாட்களைத் தாண்டிவிட்டது. பதில் கிடைக்காமலே பெற்றோர் பலர் இறந்துபோனார்கள். அந்தத் தாய்மார் கையில் இருப்பது அடையாள அட்டைக்கு எடுத்த படம், பள்ளிக்கூடப் படம், ஒரு பிறந்தநாள் படத்தின் வெட்டிய மூலை. எந்தப் போட்டி நடுவரும் முதல் சுற்றிலேயே தள்ளிவிடும் படங்கள். பிளாஸ்டிக் உறையிட்டு, கீழே பெயர், காணாமல்போன தேதி. மகனைப் பெற்றவள் அந்தப் படத்தை நெஞ்சுக்கு நேரே பிடிக்கும்போது அது செய்கிற வேலையைச் செய்ய எந்த அட்டைப்படத்துக்கும் திராணி கிடையாது. அவளைப் படமெடுக்க வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். அவர்கள் படங்கள் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். தாயின் கண்ணீரில் காமிராவின் கூர்மை நிற்கிறது. கையிலிருக்கும் மகன் மங்கிப்போகிறான். அவன் பெயர் வாசிக்க முடியாத கறுப்புக் கோடாகிறது. தாய்க்கும் பெயர் இருப்பதில்லை. அவள் எதைக் காட்ட வந்தாளோ அதைத் தவிர மற்றதெல்லாம் அந்தப் படத்தில் அழகாக விழுந்திருக்கும்.

நண்பர் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று பாக்கி. பெயரைப் போலீஸும்தானே கேட்கிறது? ஸ்டேஷன் பலகையில் ஒட்டிய முகங்களுக்கெல்லாம் பெயர் இருக்கிறதே, அவை கலையா? மலக்குழித் தொழிலாளி ஒருவரின் பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள் என்றால் அவர் பெயரைப் போடுவது தர்மமா? நியாயமான கேள்வி. பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அவர் சொன்னபடி அதை வைத்துக்காப்பது ஒன்று. கேட்கவே தோன்றாமல் வந்துவிடுவது இன்னொன்று. முதலாவதைச் செய்தவனின் படத்தில் பெயர் அச்சாகாவிட்டாலும் அது எங்கோ இருந்துகொண்டிருக்கிறது. எடுத்த தூரத்திலும், காமிரா தாழ்ந்த உயரத்திலும் அதைக் காண முடியும் என்றே நினைக்கிறேன். அந்த ஒடிசாப் பையனின் பெயர் எனக்குத் தெரியும். ஸ்டுடியோ திரையில் இரண்டு லிபிகளிலும் பார்த்தேன். அவன் வீட்டாரைக் கேட்காததால் இங்கே எழுதவில்லை.

போன இதழின் அட்டையில் வந்த கிழவியை எடுத்த இளைஞருக்கு, அவர் யார், எந்த ஊர் என்று கேட்டுக் கடிதம் போட்டேன். தேனிப் பக்கம் ஒரு சந்தையில் எடுத்தது, திரும்பப் போகும்போது விசாரித்து எழுதுகிறேன் என்று பதில் போட்டிருக்கிறார். கவிஞர் நண்பருக்கும் இந்தக் கட்டுரையின் பிரதி போயிருக்கிறது. அவர் எழுதினால் ஆசிரியர் அதையும் போடட்டும்.